இலையை மூட வேண்டாம்

கோச்சடையில் செல்லத்தாய் நடத்தும் மெஸ்ஸுக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே சுவரில் ஓர் அட்டை மட்டும் தொங்கும். ‘சாப்பிட்ட பின் இலையை மூட வேண்டாம்.’ புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் குழம்புவார்கள். வயிறு நிறைந்தது என்று காட்ட இலையைத் தன் பக்கமாக மடிப்பதுதானே ஊர்வழக்கம்? இங்கே மடித்தால் செல்லத்தாயே வந்து விரித்து வைப்பாள். அவளுக்கு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வருடமாக இலை எடுப்பதை அவள் யாரிடமும் விட்டதில்லை. சமையலுக்குத் துணையாக இருக்கும் பாண்டீஸ்வரி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். “முதலாளியம்மா எச்சி எல எடுத்தா நல்லாவா இருக்கு?” செல்லத்தாய் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்கிறவர்கள் பொய் சொல்லக்கூடும், இலை சொல்லாது. எல்லா இலையிலும் கூட்டு ஒதுங்கிக் கிடந்தால் கோளாறு கூட்டில் இருக்கிறது. ஒரே ஓர் இலையில் ஒதுங்கியிருந்தால் கோளாறு சாப்பிட்டவரிடம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் அவள் உப்பையும் புளியையும் சரிசெய்து வந்தாள். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டோடு சண்டை என்பதுகூட அவளுக்கு ஓரளவு தெரியும்.

அந்தக் கணக்குக்கே சோதனை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அழகுபாண்டிக்கு இருபத்தாறு வயது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் சொந்த ஊர், பைக் ஷோரூமில் மெக்கானிக். அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு வருடமாக மூன்று வேளையும் செல்லத்தாயிடம்தான் சாப்பாடு. அன்று மதியம் எல்லோரையும் போல ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனான். நான்கு மணிக்கு மேல்வயிற்றில் வலி பிடித்தது. அது முதுகு வரை ஊடுருவியது. படுத்தால் கூடியது, முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தது. வாந்தி நிற்கவில்லை. அறைத் தோழர்கள் தூக்கிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள் அங்கே.

செய்தி கேட்டு ஊரிலிருந்து வந்த தாய்மாமன் மொக்கையன் கேட்டது ஒரே கேள்விதான். “கடைசியா எங்கடா சாப்புட்ட?” பதில் கிடைத்ததும் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போட்டார். கோச்சடை மெஸ்ஸில் சாப்பிட்டு எங்கள் பையன் சாகக் கிடக்கிறான் என்று. திங்கட்கிழமை மதியத்துக்குள் அது ஷோரூம் பையன்களின் குழுவெல்லாம் சுற்றி வந்துவிட்டது. வழக்கமாக நாற்பது இலை விழும் இடத்தில் அன்று பதினேழு விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, இட்லி ஆவி பறந்துகொண்டிருந்த நேரம், மொக்கையன் நேரிலேயே வந்து வாசலில் நின்றார்.

“இங்க செல்லத்தாயிங்கிறது யாரு?”

“நாந்தாண்ணே. உக்காருங்க, இட்லி வைக்கச் சொல்றேன்.”

“ஒன் இட்லிய நீயே வச்சுக்க. எங்க மாப்ளைய ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுட்டு எனக்கு இட்லி வைக்கிறியாக்கும்.”

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பால்பாண்டி கையை உதறினார். “அண்ணே, அதே கறிய ஞாயித்துக்கெழம நான் ரெண்டு மட்டம் வாங்கித் தின்னேன். என்னையப் பாருங்க, எப்படி இருக்கேன்னு.”

“ஒன் வயிறு ஆட்டோ டயரு. எங்க பையன் வயிறு அப்படியா?” என்ற மொக்கையன் செல்லத்தாய் பக்கம் திரும்பினார். “தகிரியம் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வா. என்னத்தப் போட்டு ஆக்குனேன்னு டாக்டர்ட்ட நீயே சொல்லு.”

அவள் அழுவாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். செல்லத்தாய் கரண்டியைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து, “வாரேண்ணே, போவோம்” என்றாள்.

இரண்டு நாளாக அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் புதுசு. கறி வழக்கமான கடையில் வாங்கியது. அன்று சாப்பிட்ட மற்றவர்கள் எல்லோரும் திடமாக நடமாடுகிறார்கள். அவளுடைய கணக்குப்படி ஓர் இலைக்கு வந்த கோளாறு, அந்த இலைக்காரனுடையது. ஆனால் கூட்டுக்கும் பொரியலுக்கும் போதுமான கணக்கு, டிரிப்ஸ் ஏறிக்கொண்டு கிடக்கும் ஒரு பிள்ளைக்குப் போதவில்லை. தன் கை காரணமாக இருந்தால் அதைத் தெரிந்துகொள்ளாமல் நாளைக்கு உலை வைக்க முடியாது என்று தோன்றியது.

பால்பாண்டியின் ஆட்டோவிலேயே போனார்கள். பேருந்தில் வந்த மொக்கையனுக்கும் வேறு வழியில்லை. சண்டைக்காரியோடு ஒரே இருக்கையில் உட்கார்வது எப்படி என்று யோசித்தவர், டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தார்.

அழகுபாண்டி இளைத்த முகத்தோடு கிடந்தான். வலி முந்தைய நாளைவிடக் குறைந்திருந்தது. செல்லத்தாயைப் பார்த்ததும், “அக்கா, நீங்க ஏங்க்கா வந்தீங்க” என்று எழப் பார்த்தான். அவன் அம்மா சோலையம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வந்தவளை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஸ்ரீவர்ஷினி அப்போதுதான் சுற்று வந்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வந்தவள் யார் என்று மொக்கையன் சொன்ன தோரணையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயா, நேத்தே சொன்னேன். ஒரு வேள கறிச்சோறு சாப்பிட்டதுக்கு இது வராது. பித்தப்பையில கல்லு இருந்தா வரும், குடிச்சா வரும். இவருக்கு ஸ்கேன்ல கல்லு தெரியல, குடிப்பழக்கமும் இல்ல. ரத்தத்துல கொழுப்பும் சரியா இருக்கு. ஏன் வந்துச்சுன்னு நானும்தான் தேடிட்டு இருக்கேன்.”

“அத இவ சொல்லுவா. சொல்லுத்தா, கொழம்புல என்னென்ன போட்ட?”

செல்லத்தாய் ஒன்று விடாமல் சொன்னாள். சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, தேங்காய். “ஆடு கொஞ்சம் முத்தல். அதனால பப்பாளிக்காய் ரெண்டு துண்டு போட்டேன்.”

“பாத்தீங்களா டாக்டரு? பப்பாளி!”

“பப்பாளி மேல தப்பில்லைய்யா. ஆனா நல்ல வேளையா அதச் சொன்னாங்க” என்று ஸ்ரீவர்ஷினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏங்க்கா, பப்பாளிக்காய எதுக்குப் போடுறீங்க?”

“கறி சீக்கிரம் வெந்துரும். அந்தப் பாலு கறிய இளக்கிரும்ல.”

“அதேதான். நம்ம வயித்துக்குள்ளயும் அப்படி ஒரு பாலு ஊறுது. இரைப்பைக்குப் பின்னால, முதுகெலும்ப ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு இருக்கு கணையம். நாம தின்னுற கறி, பருப்பு, சோறு, எண்ணெய் எல்லாத்தையும் இளக்குற சாறு அதுலதான் ஊறுது. பப்பாளிப் பாலவிடப் பல மடங்கு சக்தி.”

செல்லத்தாய் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு ஏதோ இடித்தது. “டாக்டரம்மா, கணையமும் சதைதான?”

“ஆமா.”

“அப்ப அந்தச் சாறு அதையே இளக்கிராதா?”

ஸ்ரீவர்ஷினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எங்க கிளாஸ்ல ஒருத்தர்கூட இதக் கேக்கலக்கா. இளக்காது. ஏன்னா கணையம் அந்தச் சாற மூடி போட்டுத்தான் செய்யுது. உள்ள இருக்குற வரைக்கும் அதுக்குப் பல்லு கிடையாது. குழாய் வழியா குடலுக்குப் போனப்புறம், அங்கதான் மூடி கழலும். சாப்பாட்டு மேல மட்டும் வேலை செய்யும். எப்பவாவது ஒரு தடவ, குடலுக்குப் போறதுக்கு முந்தியே, கணையத்துக்குள்ளயே மூடி கழண்டுரும். அப்ப அது தன் சதையவே இளக்க ஆரம்பிக்கும். அதான் இந்த வலி.”

“மூடிய யாரு கழட்டுனது?”

“அதுதான் தெரியல” என்றார் டாக்டர். கையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். “இன்னொண்ணும் இடிக்குது. அந்தச் சாறுல ரெண்ட ரத்தத்துல அளந்து பாப்போம். ஒண்ணு அமைலேஸ், இன்னொண்ணு லிப்பேஸ். ரெண்டும் ஏறியிருக்கு. ஆனா அமைலேஸ் மட்டும் பொருத்தமில்லாம எங்கயோ நிக்குது. சரி, அந்த ஒரு வாரமா தம்பி என்னென்ன சாப்பிட்டாரு? ஞாபகம் இருக்கா?”

செல்லத்தாயிடம் இதைக் கேட்க வேண்டுமா? அவள் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள்.

“திங்கக்கெழம மத்தியானம் புளிக்கொழம்பு. தம்பி ஒரு வாய் வச்சுட்டு அப்படியே ஒதுக்கிட்டாப்ல. பருப்பும் நெய்யும் மட்டும் வாங்கிக்கிட்டாப்ல. செவ்வாக்கெழம ரசத்தத் தொடல, ஊறுகா இருந்த எடத்துலயே இருந்துச்சு. என்னான்னு கேட்டேன், பல்லு வலின்னாப்ல. அன்னைலருந்து நாலஞ்சு நாளு அப்படித்தான். மோரு வேணாம், எலுமிச்ச சாதம் வேணாம். ஆனா வெள்ளிக்கெழம பாயாசம் மட்டும் ரெண்டு டம்ளரு குடிச்சாப்ல. எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு. பல்லு வலிக்காரங்க இனிப்பக் கண்டா ஓடுவாங்க, புளிப்பு அம்புட்டுத் தொந்தரவு பண்ணாது. இங்க தலகீழா இருக்கேன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமதான் எல்லாத்தையும் தின்னாப்ல, சரி பல்லு நேராயிருச்சுன்னு விட்டுட்டேன்.”

டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். எழுந்து போய் அழகுபாண்டியின் இரண்டு காதுக்கும் கீழே, தாடை மடங்கும் இடத்தில், தாடிக்குள் விரலை விட்டு மெல்ல அழுத்தினார். வலது பக்கம் அழுத்தியபோது அவன் முகம் சுளித்தான்.

“தம்பி, இங்க வீங்கியிருந்துச்சா?”

அழகுபாண்டி அம்மாவைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கெழமையே கேட்டேனேம்மா” என்று டாக்டர் சோலையம்மாள் பக்கம் திரும்பினார். “காய்ச்சல், வீக்கம் ஏதாவது வந்துச்சான்னு. ஒண்ணுமில்லன்னீங்க.”

சோலையம்மாள் மடியை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய தங்கச் சங்கிலி சுருண்டு கிடந்தது. “இதத்தான் அவன் ரூமுக்கு வந்து கழுத்துல போட்டு விட்டேன். ஸ்கேன் எடுக்கணும்னாங்கல்ல, கழட்டி வச்சேன். பொன்னுக்கு வீங்கி டாக்டரம்மா. எம் பேத்திக்கு வந்துச்சு, அவ பொறந்தநாளுக்குப் போயிட்டு வந்தான், மூணு வாரத்துல இவனுக்கும் வந்துருச்சு. சட்டைக்குள்ள சங்கிலியப் போட்டுக்க, தாடிய எடுக்காத, ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாதன்னு நாந்தான் சொன்னேன்.”

“ஏத்தா, எங்கிட்டயுமா சொல்லல?” என்றார் மொக்கையன்.

“ஒங்கிட்ட சொல்றதும் ரேடியோவுல சொல்றதும் ஒண்ணுதாண்ணே. ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிட்டு... பொன்னுக்கு வீங்கி வந்த ஆம்பளைக்குப் புள்ள தங்காதும்பாங்க. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா?”

மொக்கையன் சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது.

ஸ்ரீவர்ஷினி கோபப்படவில்லை. பொருந்தாமல் நின்ற எண் பொருந்திவிட்ட சந்தோஷம் அவரிடம் தெரிந்தது. “இப்ப அமைலேஸ் கதை புரியுது. லிப்பேஸ் முக்கியமா கணையத்துலதான் ஊறும். அமைலேஸ் ரெண்டு எடத்துல ஊறும். ஒண்ணு கணையம், இன்னொண்ணு எச்சில் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி வைரஸ் புடிக்கிறது காதுக்குக் கீழ இருக்குற அந்த எச்சில் சுரப்பியத்தான். ரெண்டு எடத்துலருந்தும் ரத்தத்துல கசிஞ்சா எண் எகிறத்தான செய்யும்? புளிப்பு ஏன் ஆகலன்னா, புளியக் கண்டதும் எச்சில் பொங்கும். போற வழி வீங்கி அடைச்சிருக்கு. உள்ளயே முட்டும். அதான் வலி. இலையில ஒதுங்கினது அதனாலதான்.”

“அப்ப அந்த வைரஸ்தான் வயித்துக்குள்ளயும் போயி மூடியக் கழட்டுச்சா?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

“போயிருக்கலாம். பொன்னுக்கு வீங்கி வந்தவங்கள்ல நூத்துல நாலஞ்சு பேருக்குக் கணையமும் வீங்குறது உண்டு. வீக்கம் வந்த ஒரு வாரத்துல. இவருக்கும் நாள் ஒத்து வருது. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்க்கா. கணையத்தத் தொறந்து வைரஸக் கையில புடிச்சுப் பாக்க முடியாது. வேற காரணம் ஒண்ணொண்ணா இல்லன்னு ஆகுது, இது மட்டும் மிஞ்சுது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புறேன். வைரஸ் வந்து போச்சான்னு அது சொல்லும். கணையத்த அதுதான் கெடுத்துச்சான்னு அதுவும் சொல்லாது.”

பிறகு அழகுபாண்டியிடம் திரும்பி, விரை வீக்கம் வந்ததா என்று கேட்டார். இல்லை. “அப்ப அந்தக் கவலையும் வேணாம்மா. அப்படி வந்தவங்களுக்கே பெரும்பாலும் புள்ள பொறக்கத்தான் செய்யுது. சங்கிலி போட்டாலும் வீக்கம் வத்தும்மா, போடாட்டியும் ஒரு வாரத்துல வத்தும். மறைச்சதுதான் தப்பு. நான் ரெண்டு நாளா இல்லாத கல்லத் தேடிட்டு இருந்தேன்.”

வைத்தியம் மாறவில்லை. வைரஸை விரட்ட மருந்து கிடையாது, டிரிப்ஸும் வலிக்கு ஊசியும் கணையத்துக்கு ஓய்வும்தான். கல்லைத் தேடி எடுப்பதாக இருந்த இன்னொரு பெரிய ஸ்கேன் மட்டும் நின்றது.

செல்லத்தாய்க்கு வேறொரு யோசனை. “இது எச்சில்ல பரவுமா டாக்டரம்மா?”

“பரவும். வீங்கினதுலருந்து அஞ்சு நாளைக்கு. டம்ளரு, இருமலு எல்லாத்துலயும்.”

“எங்கிட்ட நாப்பது பேரு சாப்புடுறாங்க” என்றாள் அவள். “நான் சொல்லியாகணும். ஆனா இந்தத் தம்பி கல்யாணம்...”

கட்டிலிலிருந்து அழகுபாண்டி சொன்னான். “சொல்லிருங்கக்கா. இசைவாணிகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அம்மா தடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டான். மணப்பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “எனக்கு ஏழாப்புல வந்துச்சே. ரெண்டு கன்னமும் வீங்கி ஒரு வாரம் லீவு போட்டேன். இதுக்கா இம்புட்டு ரகசியம்? வயிறு எப்படி இருக்கு, அதச் சொல்லு மொதல்ல.” சோலையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது.

மொக்கையன் வராந்தாவுக்குப் போய் இன்னொரு குரல்பதிவு போட்டார். மூன்று முறை பேசி மூன்றையும் அழித்தார். நான்காவது போனது. “மெஸ் சாப்பாட்டு மேல தப்பில்ல. அது வேற வியாதி. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்.”

குரல்பதிவு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் ஒரு முறை பிறந்த சந்தேகம் அவ்வளவு சுலபமாக அடங்குவதில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். செல்லத்தாய் எல்லோர் முன்பும் நின்று நடந்ததைச் சொன்னாள். காதுக்குக் கீழே வீங்கினால் மறைக்காமல் சொல்லுங்கள், சாப்பாட்டை அறைக்கே கொடுத்தனுப்புகிறேன் என்றாள். டம்ளர்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். சிலர் தலையாட்டினார்கள். “டாக்டரு உறுதியாச் சொல்லலையாம்ல” என்று ஒருவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அது உண்மைதான். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை சோலையம்மாள் போன் செய்தாள்.

“தாயி, பசிக்குதுங்கிறான். கொழுப்பில்லாம, கொழைய வேக வச்சுக் கொஞ்சமாக் குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கேன்டீன்ல வாங்க எனக்கு மனசு வரல. ஒரு வாய்க் கஞ்சி ஒங்கையால வச்சுக் குடுக்குறியா?”

செல்லத்தாய் யோசித்தாள். அவள் கஞ்சி உள்ளே போய் மறுபடி வலி எடுத்தால் எந்த ரிப்போர்ட்டும் அவளைக் காப்பாற்றாது. ஊரை விடு, அவளுக்கே அவள் கை மேல் நம்பிக்கை போய்விடும். முடியாது என்று சொல்ல நல்ல காரணங்கள் நிறைய இருந்தன.

“அரை மணியில கொண்டு வாரேன் மதினி” என்றாள்.

பச்சரிசி ஒரு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் தாராளமாக. தாளிப்பு இல்லை, தேங்காய் இல்லை. எண்ணெய் என்ற பேச்சே இல்லை. பருப்பு இருந்த இடம் தெரியாமல் கரையும் வரை கிளறிக்கொண்டே நின்றாள். உப்பை மட்டும் மூன்று தடவை ருசி பார்த்தாள். தூக்குவாளியில் ஊற்றி, மூடியை அழுத்திப் பூட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அழகுபாண்டி கால் டம்ளர் குடித்தான். “நல்லாருக்குக்கா” என்றான். அது வாயால் சொன்னது. அவள் நம்பவில்லை.

இனி காத்திருக்க வேண்டியதுதான். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. கால் மணி நேரம் போயிற்று. மொக்கையன் மருமகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோலையம்மாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அவன் ஒரு தடவை வயிற்றில் கை வைத்தபோது மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான், அவ்வளவுதான். அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனபோது, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா” என்று டம்ளரை நீட்டினான்.

இந்த முறை முழு டம்ளர். அதைக் குடித்துவிட்டு, மூன்று நாளாக மடங்கியே கிடந்தவன் காலை நீட்டி மல்லாந்து படுத்தான். படுத்த வாக்கில் தூங்கிப் போனான். ஸ்ரீவர்ஷினி வந்து எட்டிப் பார்த்து, எழுப்ப வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு நாள் இருந்தது. செல்லத்தாய்க்கு அந்த அவசரம் போய்விட்டது. அவள் கிளம்ப எழுந்தபோது தூக்குவாளியைக் காணவில்லை.

வராந்தாக் குழாயடியில் மொக்கையன் குனிந்து நின்று அதை விளக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு கரண்டிகூடக் கழுவிப் பழக்கமில்லாத கை என்பது பார்த்தாலே தெரிந்தது. வேட்டியெல்லாம் தண்ணீர். விளிம்பில் கஞ்சி அப்படியே ஒட்டியிருந்தது. துண்டால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவத்தா?”

“ஏழுக்கெல்லாம் வந்துருவேண்ணே.”

“அப்ப எனக்கும் ரெண்டு இட்லி சேத்து எடுத்துட்டு வா” என்றார் மொக்கையன்.